நம் கேம்பிரிட்ஜுக்கு ஆக்ஸ்ஃபோர்டு எது?

காவிரிக் கரையில் இருக்கும் நம் அரசுக் கல்லூரிக்குத் 'தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ்' என்று ஒரு பெயர் உண்டு. வெளியூரிலிருந்து வந்து நம் நகரில் வீடு கட்டியவர்கள்கூட ஒரு வருடத்துக்குள் இதைக் கேட்டுவிடுவார்கள். 1854-ல் பள்ளியாகத் தொடங்கி 1867-ல் கல்லூரியாக உயர்ந்த இடம். அந்தப் பெயரைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் கேம்பிரிட்ஜிலிருந்து வந்த முதல்வர் போர்ட்டரும், பேராசிரியர் கோபால் ராவும். வலங்கைமான் சீனிவாச சாஸ்திரி அங்கே படித்தார். உ.வே.சாமிநாதையர் 1880 முதல் 1903 வரை அங்கே தமிழ் கற்பித்தார். அதன் பிறகு அவரைச் சென்னை மாநிலக் கல்லூரி அழைத்துக்கொண்டது. 1904-ல் உதவித்தொகையுடன் சேர்ந்த ராமானுஜனின் கதையை நான் சொல்ல வேண்டியதில்லை. படிப்பு என்று வந்தால் நம் கல்லூரி மாநிலக் கல்லூரியோடு தோளோடு தோள் நின்றது.

கேம்பிரிட்ஜ் என்று சொன்னால் எதிரே ஒரு ஆக்ஸ்ஃபோர்டு வேண்டும். அந்த இரண்டு பல்கலைக்கழகங்களும் உலகத்துக்குக் கற்றுக்கொடுத்த இன்னொரு சங்கதி, ஒன்றோடு ஒன்று விளையாடுவது. விளையாட்டில் நம் கேம்பிரிட்ஜுக்கு எதிரி யார்? இது வெறும் பழங்கதை என்று தள்ள முடியாத கேள்வி. ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில் நம் சங்கத்து உறுப்பினர்கள் யாராவது கேட்கிறார்கள்: "பையன் வாலிபால் நன்றாக ஆடுகிறான் சார், எந்தக் காலேஜில் போடலாம்?" பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இப்போது அதே கேள்வியோடு வருகிறார்கள். எந்தக் கல்லூரி விளையாட்டில் பெரியது என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்ல முடிவதில்லை. ஏன் முடிவதில்லை என்பதற்குத்தான் இந்த வரலாறு.

ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் முதலில் மோதியது கிரிக்கெட்டில், 1827-ல், லார்ட்ஸ் மைதானத்தில். அந்த ஆட்டம் வெற்றி தோல்வி இல்லாமல் முடிந்தது. 1829-ல் படகுப் போட்டி; அதில் ஆக்ஸ்ஃபோர்டு ஜெயித்தது. தடகளம் 1864-ல், ரக்பி 1872-ல் என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பல்கலைக்கழகத்துக்காக ஆடியவருக்கு 'ப்ளூ' என்று பட்டம். இதில் கவனிக்க வேண்டியது, அவர்கள் ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனிக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். எல்லாவற்றையும் கூட்டி ஒரே பெரியவரைத் தேடும் வழக்கம் பின்னால் வேறு நாட்டில் வந்தது. அதற்குக் கொஞ்சம் பொறுத்து வருகிறேன்.

இந்தப் பழக்கம் சென்னைக்குக் கப்பலேறி வந்ததற்கு ஒரு உயிருள்ள சாட்சி சி.ராமசாமி. சென்னைக் கிரிக்கெட்டின் தந்தை என்று சொல்லப்படும் புச்சிபாபு நாயுடுவின் மகன். மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டுக் கேம்பிரிட்ஜ் போனார், அங்கே டென்னிஸ் ஆடினார். 1922-ல் இந்தியாவுக்காக டேவிஸ் கோப்பையில் ஆடியவர், 1936-ல் நாற்பது வயதில் இங்கிலாந்தில் டெஸ்ட் கிரிக்கெட்டும் ஆடினார். இரண்டு விளையாட்டிலும் நாட்டுக்காக ஆட ஒருவருக்கு அன்று என்ன தேவைப்பட்டது என்று யோசித்தால், திறமைக்கு முன்னால் மைதானம் உள்ள வீடும் மைதானம் உள்ள கல்லூரியும் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

சென்னைக் கல்லூரிகளைப் பார்ப்போம். கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர் 1794-ல் தொடங்கிய சர்வே பள்ளி. கிறிஸ்தவக் கல்லூரி 1837, மாநிலக் கல்லூரி 1840, பச்சையப்பன் 1842. இவர்களுக்கெல்லாம் பேரன் வயதில் 1925-ல் வந்தது லயோலா. வயதில் சின்னது, ஆனால் டென்னிஸ் என்று வந்தால் மற்றவர்கள் பக்கத்தில் நிற்க முடியாது. லயோலாவை நிறுவிய பெர்ட்ரம் பாதிரியார் பெயரில் கல்லூரிகளுக்கிடையே ஒரு போட்டி நடக்கிறது. கல்லூரி மாணவர்கள் மட்டும் ஆட வேண்டிய அந்தப் போட்டியில் 1951-ல் ஒரு பள்ளிக்கூடத்துப் பையனை ஆட அனுமதித்தார் லயோலா முதல்வர். பையன் ஜெயித்தும்விட்டான். அவர்தான் ராமநாதன் கிருஷ்ணன். பிறகு லயோலாவிலேயே படித்தார். 1954-ல் விம்பிள்டன் ஜூனியர் பட்டம், 1960-லும் 1961-லும் விம்பிள்டன் அரையிறுதி, 1966-ல் டேவிஸ் கோப்பை இறுதி ஆட்டம்.

அந்த அனுமதியை நான் சாதாரண விஷயமாக நினைக்கவில்லை. விதியைக் காட்டி "அடுத்த வருடம் பார்க்கலாம் தம்பி" என்று சொல்லி அனுப்புவது எந்தக் கல்லூரி அலுவலகத்துக்கும் சுலபம். ஒரு கல்லூரியின் விளையாட்டுப் பெருமைக்கு அங்கே இருக்கும் டென்னிஸ் கோர்ட்டுகளின் எண்ணிக்கையைவிட இப்படிப்பட்ட ஒரு முடிவு அதிகம் செய்துவிடும். விஜய் அமிர்தராஜும் லயோலாதான், விஸ்வநாதன் ஆனந்தும் லயோலாதான். ஆனந்துக்கு மைதானமே வேண்டாம், ஒரு மேசை போதும் என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் போட்டி போட்டியாகச் சுற்றுகிற பிள்ளையின் வருகைப்பதிவைக் கல்லூரி சமாளித்துக் கொடுக்க வேண்டுமே!

கிரிக்கெட்டுக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. வெங்கட்ராகவனும் ஸ்ரீகாந்தும் கிண்டிப் பொறியியல் கல்லூரிக்காரர்கள். வெங்கட்ராகவன் 19 வயதில் டெஸ்ட் ஆடத் தொடங்கி, 1975, 1979 உலகக் கோப்பைகளில் இந்திய அணிக்குத் தலைமை தாங்கினார். 1983 இறுதி ஆட்டத்தில் இரு தரப்பிலும் அதிக ரன் அடித்தவர் ஸ்ரீகாந்த், 38 ரன். பின்னாளில் 537 டெஸ்ட் விக்கெட் எடுத்த அஸ்வினும் எஸ்.எஸ்.என். பொறியியல் கல்லூரியில் ஐ.டி. படித்தவர். கலைக் கல்லூரிகளில் பொழுது அதிகம், பொறியியலில் லேப், ரெகார்ட் என்று மூச்சு விட நேரமில்லை என்போம். கிரிக்கெட்டில் நாட்டுக்குத் தலைவர்களைக் கொடுத்தது என்னவோ லேப் உள்ள கல்லூரி. ஆக, லயோலா பெரியதா கிண்டி பெரியதா? டென்னிஸ் என்றால் ஒரு பதில், கிரிக்கெட் என்றால் இன்னொன்று. கிறிஸ்தவக் கல்லூரிக்காரர்களைக் கேட்டால், 1937-ல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தபோது கிடைத்த முந்நூறு ஏக்கருக்கும் மேலான வளாகத்தையும் ஹால்களுக்கிடையே நடக்கும் போட்டிகளையும் சொல்லி மூன்றாவது பதில் தருவார்கள்.

நாடு பிரிவதற்கு முன் லாகூரில் இதைவிடப் பெரிய கூத்து. அரசுக் கல்லூரிக்கும் இஸ்லாமியா கல்லூரிக்கும் கிரிக்கெட் ஆட்டம் என்றால் ஊரே மைதானத்தில். பாகிஸ்தானின் முதல் டெஸ்ட் கேப்டன் அப்துல் ஹஃபீஸ் கர்தார், வேகப்பந்து வீச்சாளர் ஃபசல் மஹ்மூத் இருவரும் இஸ்லாமியா கல்லூரி மாணவர்கள். ஒரு நாட்டின் முதல் டெஸ்ட் அணிக்கு ஒரு கல்லூரி நாற்றங்காலாக இருந்திருக்கிறது.

இனி நம் பக்கம். டெல்டாவில் ஏன் அப்படி ஒரு கிரிக்கெட் கல்லூரியோ டென்னிஸ் கல்லூரியோ எழவில்லை? சோம்பேறித்தனம் என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நிலக் கணக்காகத்தான் தெரிகிறது. 65 மீட்டர் எல்லை வைத்து ஒரு கிரிக்கெட் மைதானம் போட்டால் மூன்றேகால் ஏக்கர் போய்விடும். நம் ஊர்க் கணக்கில் பத்து மா. 400 மீட்டர் ஓடுபாதைக்கு நாலு ஏக்கர், அதாவது பன்னிரண்டு மா. குறுவை, சம்பா, தாளடி என்று விளையும் நஞ்சையில் பன்னிரண்டு மாவைப் புல்லுக்கு விட யாருக்கு மனசு வரும்? ஆனால் வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், நாலே சென்ட். கபடிக் களம் 13-க்கு 10, மூன்றேகால் சென்ட். பாஸ்கெட்பாலுக்குப் பத்து சென்ட். கோயில் வாசல் திடல், பள்ளிக்கூடத்துக் கொல்லை, அறுவடை முடிந்த வயல், கோடையில் வற்றிக் கிடக்கும் ஆற்று மணல், எதுவும் போதும். சடுகுடு இந்த மண்ணில் இப்படித்தான் வேரோடியது.

வாலிபாலும் பாஸ்கெட்பாலும் வந்த வழி வேறு. இரண்டும் அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் உண்டாக்கியவை; பாஸ்கெட்பால் 1891-ல், வாலிபால் 1895-ல். பாஸ்கெட்பால் பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயிற்சி பெற்ற ஹாரி குரோ பக் என்பவர் 1920-ல் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் போன இந்தியத் தடகள அணியை அழைத்துச் சென்றவரும் அவரே. அங்கே படித்து வெளிவந்த பி.டி. மாஸ்டர்கள் ஜில்லா ஜில்லாவாக வேலைக்குப் போனார்கள், இரண்டு கம்பமும் ஒரு வலையும் அவர்கள் பின்னாலேயே போயின. மாநிலக் கல்லூரி கிரிக்கெட் ஆடிய காலத்தில் நம் ஊர்ப் பள்ளிகள் வாலிபால் ஆடியதற்கு வேர் சைதாப்பேட்டையில் இருக்கிறது.

இன்னொரு இடைஞ்சலும் உண்டு. வயல் காய்ந்து ஆட இடம் கிடைப்பது மாசியிலிருந்து வைகாசி வரை. கல்லூரிகளின் போட்டிக் காலமோ ஆகஸ்டு முதல் ஜனவரி வரை. அப்போது இங்கே சம்பா நடவு, வடகிழக்குப் பருவமழை. கிராமத்துப் பையன் நன்றாக ஆடும் மாதங்களில் கல்லூரிப் போட்டி இல்லை; போட்டி வரும் மாதங்களில் அவன் ஊர்த் திடலில் தண்ணீர். கல்லூரி வளாகத்தில் மேடான ஒரு கோர்ட்டும், தங்க ஒரு விடுதியும் இருந்தால்தான் அவன் ஆட்டம் தொடரும். சென்னைக் கல்லூரிகளையும் நம் கல்லூரிகளையும் ஒப்பிடுபவர்கள் இந்த மழைக் கணக்கைச் சேர்ப்பதே இல்லை.

அடுத்து, பெற்றோர்கள் அதிகம் கவனிக்காத ஒரு சங்கதி: கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிறது என்பது. 1982 வரை நம் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்திருந்தன. கும்பகோணத்துப் பையன் பல்கலைக்கழக அணிக்குள் நுழைய வேண்டுமானால் லயோலாவையும் மாநிலக் கல்லூரியையும் தாண்ட வேண்டும். 1982-ல் திருச்சியில் பாரதிதாசன் பல்கலைக்கழகம் வந்தது. ஒரே நாளில் எதிராளிகள் மாறினார்கள். செயின்ட் ஜோசப், பிஷப் ஹீபர், நேஷனல், ஜமால் முகமது என்று எதிர்ப்பக்கம் முழுக்கத் திருச்சி. தலைப்பில் கேட்ட கேள்விக்கு என் பதிலும் அதுதான். விளையாட்டில் நம் ஆக்ஸ்ஃபோர்டு 1982 வரை மெரினாவில் இருந்தது, அதன் பிறகு மலைக்கோட்டைக்கு மாறிவிட்டது.

சிதம்பரத்துக்குப் போனவன் கதையே தனி. 1929-ல் தொடங்கிய அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒரே வளாகமாக, விடுதியோடு அமைந்தது. அன்று அங்கே கல்லூரி அணியில் இடம் பிடித்தாலே அது பல்கலைக்கழக அணியாக இருந்தது. நடுவில் மண்டலம், மண்டலங்களுக்கு இடையே என்ற படிகள் இருக்கவில்லை. இன்று எஸ்.ஆர்.எம். போன்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும் இதே வசதி. ஒரு அணி, நேராகப் பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டி. கூடவே கட்டணச் சலுகை, சாப்பாடு, தங்குமிடம், பயிற்சியாளர். அரசுக் கல்லூரியின் பி.டி. சார் தனியாளாக எத்தனை விளையாட்டைத்தான் பார்ப்பார்? போட்டி சமமானது என்று நினைத்துக்கொண்டு ஒப்பிடுவது அவருக்குச் செய்யும் அநியாயம்.

இப்போது அந்தக் கூட்டல் கணக்குக்கு வருவோம். எல்லா விளையாட்டையும் சேர்த்து எந்தக் கல்வி நிலையம் பெரியது என்று புள்ளி போட்டுப் பார்க்கும் முறையை நம் நாடு 1956-57-லேயே தொடங்கிவிட்டது. மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை, சுருக்கமாக 'மாகா' கோப்பை. முதலில் வென்றது பம்பாய்ப் பல்கலைக்கழகம். பிறகு அது பஞ்சாப் பக்கம் போனது, போனதுதான். 1969-ல் பிறந்த அமிர்தசரஸ் குரு நானக் தேவ் பல்கலைக்கழகம் இருபது முறைக்கும் மேல் வென்றிருக்கிறது. கோப்பையில் எழுதப்படுவது பல்கலைக்கழகத்தின் பெயர். வியர்வை சிந்தியது ஜலந்தர் லயல்பூர் கால்சா கல்லூரி போன்ற இணைப்புக் கல்லூரிகள். பிரிவினையில் லயல்பூரை விட்டு வந்து, ஊர்ப் பெயரை மட்டும் கையோடு கொண்டுவந்த கல்லூரி அது.

அமெரிக்கர்கள் இதே வேலையை 1993-94-ல் 'டைரக்டர்ஸ் கப்' என்று தொடங்கினார்கள். ஒவ்வொரு விளையாட்டிலும் தேசிய அளவில் முதலிடத்துக்கு 100 புள்ளி, கீழே போகப் போகக் குறையும். முதல் வருடம் வடக்கு கரோலினா. அடுத்த வருடத்திலிருந்து 2018-19 வரை, விடாமல் 25 முறை ஸ்டான்ஃபோர்டு! கொரோனா வருடத்துக்குப் பிறகுதான் டெக்சாஸ் அந்தச் சங்கிலியை அறுத்தது. ஆனால் அமெரிக்கத் தெருவில் நிறுத்தி எந்தக் கல்லூரி பெரியது என்று கேட்டால், லட்சம் பேர் அரங்கில் உட்கார்ந்து பார்க்கும் அவர்கள் ஊர் ஃபுட்பாலை நினைத்து அலபாமா என்றோ ஒஹையோ ஸ்டேட் என்றோதான் சொல்வார்கள். ஸ்டான்ஃபோர்டு ஜெயித்தது நீச்சல், வாட்டர் போலோ, பெண்கள் டென்னிஸ் என்று முப்பதுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளில் அணி வைத்திருந்ததால். அதில் பெண்கள் அணிகளின் பங்கு பெரியது. அமெரிக்காவில் 1972-ல் வந்த சட்டம், கல்வி நிலையங்களில் பெண்களுக்குச் சமவாய்ப்பு தர வேண்டும் என்றது. அதை மனப்பூர்வமாகச் செய்த கல்லூரிக்குப் புள்ளிப் பட்டியலிலும் பலன் கிடைத்தது. 1963-ல் நம் ஊரில் அரசு மகளிர் கல்லூரி வந்ததை இந்த இடத்தில் நினைத்துக்கொள்கிறேன். மகளிர் அணியையும் சேர்த்துக் கணக்கெடுத்தால் ஒரு ஊரின் இடம் எவ்வளவு மாறும்!

தமிழ்நாட்டில் முதலமைச்சர் கோப்பை நடக்கிறது. கல்லூரி மாணவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. பட்டியல் மாவட்டவாரியாக வரும். 2023, 2024 இரண்டிலும் சென்னை மாவட்டம் முதலிடம். அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. பிள்ளைகள் எந்த ஊரில் பிறந்தாலும் கல்லூரி சென்னையில் இருந்தால் பதக்கம் சென்னைக் கணக்கில்தான் விழும்.

பெரிய நகரம் இல்லாமல் முடியாதா என்றால், முடியும். மங்களூருக்குப் பக்கத்தில் மூடபிதிரி என்று ஒரு சின்ன ஊர். ஆயிரங்கால் சமணக் கோயிலுக்குப் பேர் போன இடம். நம்மைப் போலவே யாத்ரிகர்கள் வந்து போகும் ஊர், நம்மைவிட மிகச் சிறியது. அங்கே மோகன் ஆல்வா நடத்தும் கல்லூரி, ஓடவும் எறியவும் தாண்டவும் தெரிந்த பிள்ளைகளைத் தத்தெடுத்துப் படிப்பு, சாப்பாடு, விடுதி எல்லாம் இலவசமாகக் கொடுக்கிறது. விளைவு, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான அகில இந்தியத் தடகளத்தில் மங்களூர்ப் பல்கலைக்கழகம் வருடா வருடம் பட்டம் வெல்லத் தொடங்கியது. வெல்வதில் பெரும்பாலோர் ஆல்வாஸ் மாணவர்கள். 2020 ஜனவரியில் அந்தப் போட்டியே மூடபிதிரியில் நடந்தது. நம் திருச்சிப் பக்கத்துப் பிள்ளைகள்கூட அங்கே போய்ப் படித்திருக்கிறார்கள். தடகளத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது அவர்களுடைய சாமர்த்தியம். நமக்கு அந்த ஒன்று கபடியாகவோ வாலிபாலாகவோ இருக்கலாம். நாலு சென்ட் போதும் என்று மேலேயே கணக்குப் போட்டுவிட்டோம்.

பெற்றோர் கேட்கும் கேள்விக்கு இனி வருகிறேன். ராமசாமி காலத்தில் கல்லூரி விளையாட்டு ஒரு கௌரவம். நம் தெருப் பிள்ளைக்கு அது வேலை. மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கப் படிவங்கள் உண்டு. சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்கு 2, பல்கலைக்கழகங்களுக்கிடையிலான போட்டிக்கு 3, பள்ளி தேசியப் போட்டிக்கு 4. கல்லூரிப் பையனுக்கு எட்டக்கூடியது பெரும்பாலும் படிவம் 3. அதற்குக் கல்லூரிக்காக ஆடினால் போதாது, பல்கலைக்கழக அணியில் ஆடியிருக்க வேண்டும். அதனால் சேர்க்கைக்குப் போகும்போது வரவேற்பறைக் கோப்பைகளைப் பார்த்து மயங்காமல், பி.டி. சாரைத் தேடிப்பிடித்துக் கேளுங்கள்: உங்கள் பிள்ளை ஆடும் அந்த ஒரு விளையாட்டில், கடந்த மூன்று வருடத்தில் இந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் பல்கலைக்கழக அணிக்குப் போனார்கள்? மழைக்காலத்தில் பயிற்சி எங்கே? போட்டிக்குப் போகும் நாட்களுக்கு வருகைப்பதிவு தருவீர்களா? பெண் பிள்ளை என்றால், மாலைப் பயிற்சி முடிந்து பஸ் இருக்கிறதா, விடுதி இருக்கிறதா?

போட்டி முடிந்து வந்ததும் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையில் கையெழுத்தும் முத்திரையும் வாங்கி, சான்றிதழை அசலாகப் பத்திரப்படுத்துங்கள். லேமினேஷன் மட்டும் போட்டுவிடாதீர்கள்.